கோடு ஆடட்டும், மாமா

மார்ச் 4

மாமாவுக்கு,

நேற்று நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டீர்கள். அப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. உங்கள் மகனைக் கூப்பிடச் சொன்னேன். அவர் பல் டாக்டர், ஊரில் எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்கிறவர், உங்களிடம் மட்டும் தன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். அதனால்தான் கடிதம். இதை என் பேச்சின் நடுவில் வெட்ட முடியாது.

விஷயம் இதுதான். உங்கள் ஆலையிலிருந்து வந்த புதிய வினையூக்கிக் கட்டைகள் இங்கே ஆய்வுக்கூடத்தில் என் உலையில் தேறவில்லை. அப்படித்தான் அறிக்கையில் எழுதியிருக்கிறேன். கூட்டத்தில் அதைச் சொன்னதும் எல்லோர் முன்னாலும் என்ன சொன்னீர்கள்? "அந்தப் பொண்ணுக்கு உலை பாக்கத் தெரியல. வீட்ல பால் பொங்கினாலே கவனிக்க மாட்டா." விற்பனைப் பிரிவு முழுக்கச் சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்கள் வீட்டில் பால் பொங்கியது ஒரே ஒரு முறை, அதுவும் அப்போது நீங்கள்தான் என்னிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் குறுக்கே பேசியதால் முடிக்க முடியாததை இப்போது முடிக்கிறேன். அத்தையிடமும் இதைக் காட்டுங்கள், அவரும் தெரிந்துகொள்ளட்டும். டீசல் பஸ்ஸின் புகைக்குழாயில் ஒரு பீங்கான் கட்டை இருக்கிறது, உள்ளே தேன்கூடு மாதிரி துளைகள். அந்தத் துளைகளின் சுவரில் மாமா சியோலைட் என்ற பொடியைப் பூசுகிறார். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கூண்டுகளால் ஆன பொடி. ஒவ்வொரு கூண்டிலும் கொஞ்சம் செம்பு உட்கார்ந்திருக்கும். புகையில் வரும் நச்சு வாயுவும், புகைக்குழாயில் தெளிக்கும் யூரியாவிலிருந்து கிளம்பும் அம்மோனியாவும் அந்தச் செம்பிடம் வந்துதான் வெறும் நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாறும். செம்பு தன் இடத்தில் இருக்கும்வரை குழந்தைகள் அந்தப் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று மூச்சு விடலாம்.

கட்டைக்கு வயதாக்குவது என் வேலை. ஒரு பஸ் தன் ஆயுள் முழுக்கக் கொடுக்கும் சூட்டையும் நீராவியையும் நான் ஒரே மூச்சில் உலையில் கொடுத்துவிடுவேன். புகையில் எப்போதும் நீராவி உண்டு, நம்மால் தவிர்க்க முடியாது. அந்த ஆவி சூட்டோடு சேர்ந்தால் கூண்டின் சுவரிலிருக்கும் அலுமினியத்தைப் பிடுங்கிப் போட்டுவிடும். கூண்டு இடிந்தால் செம்புக்கு உட்கார இடமில்லை, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். உங்கள் கலவையில் செம்பு வழக்கத்தைவிட மிக அதிகம். புதிதாக இருக்கும்போது அதை அடித்துக்கொள்ள ஆளில்லை, ஒப்புக்கொள்கிறேன். வயதானதும் சுத்தமாகப் படுத்துவிடுகிறது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அது வேறு. அறிக்கையில் இருப்பது கோபம் இல்லை.

மருமகள்

மார்ச் 9

மருமகளுக்கு,

கடிதம் வந்தது. உன் அத்தைக்கு இரண்டு கண்ணிலும் புரை, எழுத்து தெரியவில்லை. நான்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. என்னைத் திட்டி எழுதியதை என் வாயாலேயே படிக்க வைத்துவிட்டாய். பால் பொங்கிய இடம் வந்ததும் "அதை இன்னொரு தடவை படிங்க" என்றாள்.

எனக்குச் சியோலைட் பாடம் எடுக்கிறாய். நல்லது. நீ பள்ளிக்கூடத்தில் பென்சில் சீவிக்கொண்டிருந்தபோது நான் கட்டைக்குப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தேன். ஊருக்குள் ஓடும் பஸ் எப்படி ஓடும் தெரியுமா? நிற்கும், நகரும், நிற்கும். புகை சூடாகவே ஆகாது. பழைய கலவை அந்தச் சூட்டில் தூங்கிக்கொண்டிருக்கும், நச்சு அப்படியே வெளியே போகும். அதற்காகத்தான் செம்பை ஏற்றினேன். மூன்று வருஷ உழைப்பு. ஆலையில் இதை "பெரியவர் கலவை" என்றுதான் சொல்கிறார்கள். ஜூனில் ஓய்வு பெறுகிறேன். எனக்கு மிச்சமாக நிற்கப்போவது இது ஒன்றுதான். பஸ் கம்பெனிக்காரன் தன் வண்டி அத்தனைக்கும் இதைத்தான் கேட்கிறான்.

நானும் வயதாக்கிப் பார்த்தேன். என் ஆலையில், என் உலையில், அதே எண்ணூறு டிகிரி, அதே நேரம். கட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. வெப்பநிலைக் கோட்டைக் கூட்டத்தில் காட்டினேனே, கவனித்தாயா? ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி இருக்கும். உன் கோட்டையும் பார்த்தேன், காய்ச்சல்காரன் கையெழுத்து மாதிரி நடுங்குகிறது. ஓர் உலையைச் சீராக வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என் கலவையைக் குறை சொல்ல வந்துவிட்டாய்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருப்பேன். வீட்டுப் பெண்ணே சொன்னால் ஊர் என்ன பேசும்? அறிக்கையைத் திரும்பப் பெறு. அதுவரை அத்தையின் கண் ஆபரேஷனுக்கு நீ வர வேண்டாம். என் மகன் மட்டும் வரட்டும்.

மாமா

மார்ச் 14

மாமாவுக்கு,

ஆபரேஷனுக்கு வருவேன். அத்தை கூப்பிட்டிருக்கிறார். "அவரு வீட்டுக்கு நீ வராத. என் வீட்டுக்கு வா" என்றார். இரண்டும் ஒரே வீடு என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் வருவேன்.

அறிக்கையைத் திரும்பப் பெற மாட்டேன். வீட்டுப் பெண் என்பதால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்றால், இந்த வேலைக்கு வீட்டுப் பெண்ணை யாருமே எடுத்திருக்கக் கூடாது.

இப்போது உங்கள் கோட்டுக்கு வருகிறேன். கூட்டம் முடிந்த நாளிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் உலைக்குள் தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் போகிறது. ஒவ்வொரு சொட்டும் கொதிக்கும்போது கொஞ்சம் சூட்டைத் தின்னும், உலை உடனே அதை இழுத்துப் பிடிக்கும். அதனால் கோடு ஆடும். ஆடித்தான் ஆக வேண்டும். உங்கள் உலையும் என்னுடைய மாதிரியே, ஒரே கடையில் வாங்கியது. அப்படியிருக்க உங்கள் கோடு மட்டும் ஏன் ஆடவில்லை? தண்ணீர் உள்ளே போயிருந்தால் அது அவ்வளவு நேராக இருக்க வழியே இல்லை. வெறும் உலர்ந்த சூட்டில் உங்கள் கலவை தாக்குப் பிடிக்கும். பஸ்ஸில் உலர்ந்த சூடு கிடையாது.

இன்னொன்று. நீங்கள் வயதாக்கிய கட்டையின் படத்தைப் பார்த்தேன். அதே இளம் பச்சை நீலம், நேற்றுப் பூசியது மாதிரி. என்னுடையது சாம்பல் நிறத்துக்குப் போய்விட்டது. உங்கள் உலை ஆபரேட்டரைக் கூப்பிட்டு விசாரியுங்கள். என்மேல் இருக்கும் கோபத்தை அவர்மேல் காட்டாமல் விசாரியுங்கள்.

இங்கே ஆய்வுக்கூடத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். "ஆவி இல்லாம ஒரு தடவை ஓட்டி, அந்த ரிசல்ட்டக் குடுத்துரும்மா, எல்லாருக்கும் நிம்மதி" என்றார். முடியாது என்றேன். உலை அறையின் சாவியை வாங்கிக்கொண்டு மாதிரிக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறேன். தேறவில்லை என்று ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்று, அதை அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

மருமகள்

மார்ச் 27

மருமகளுக்கு,

வந்தாய், இருந்தாய், போனாய். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது "மாமாவுக்குக் காபி வேணுமான்னு கேளுங்க" என்று உன் அத்தையிடம் கேட்டாய். கண்ணில் கட்டோடு படுத்திருந்தவள் "வேணுமாங்க?" என்று என்னைக் கேட்டாள். நானும் "வேணும்னு சொல்லு" என்றேன். என் மகன் அந்த நேரம் பார்த்துப் பேப்பரில் முகத்தை ஒளித்துக்கொண்டான். சரி, காபி நன்றாக இருந்தது.

ஆபரேட்டரை விசாரித்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"உலை ஓடும்போது தண்ணி போகுதா?" என்றேன்.

"போகுது சார். எண்ணூறு தொட்டதும் நிறுத்திருவோம்."

"யாரு நிறுத்தச் சொன்னா?"

என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "நீங்கதான் சார். கோடு ஆடினா வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறீங்க. தண்ணி விட்டா ஆடுது, நிறுத்தினா ஆடல. எல்லா ஷிஃப்ட்லயும் அப்படித்தான் பண்றோம்."

"தண்ணிய நிறுத்துன்னு நான் சொன்னேனா?"

"கோடு ஆடக் கூடாதுன்னு சொன்னீங்க. அதுக்கு வேற என்ன சார் வழி?"

சூடு ஏறும் வரைக்கும் தண்ணீர், உச்சிக்குப் போனதும் வெறும் காற்று. எத்தனை காலமாக இப்படி என்று கேட்டேன், யாருக்கும் நினைவில்லை. எனக்குப் பிடிக்கும் என்று எனக்காகவே நேராக வரைந்து கொடுத்திருக்கிறார்கள். நானும் அதைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டுத் துள்ளாதே. என் சோதனை தப்பு என்றால் உன் சோதனை சரி என்று ஆகிவிடாது. தண்ணீரை நிறுத்தாமல் நானே ஓட்டப்போகிறேன். வேறு யாரையும் அந்த உலைப் பக்கம் விட மாட்டேன். என் கலவை தாங்கும். தாங்கியதும் அதே கூட்டத்தில் அதே ஆட்களுக்கு முன்னால் நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மாமா

மார்ச் 31

மாமாவுக்கு,

ஓட்டுங்கள். தாங்கினால் எழுந்து நின்று பதில் சொல்கிறேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். பத்துப் பங்குக் காற்றில் ஒரு பங்கு ஆவி இருக்கட்டும். உச்சிச் சூட்டில் அதை ஒரு நிமிஷம்கூட நிறுத்தாதீர்கள். கோடு ஆடட்டும், மாமா. பார்த்துக் கை பரபரத்தால் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று நீங்கள் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் கலவை தோற்க வேண்டும் என்று நான் காத்திருக்கிறேன் என்று. இல்லை. அது புதிதாக வந்த அன்று குளிர்ந்த புகையில் அது செய்த வேலையைப் பார்த்து நான் உங்கள் மகனுக்குப் போன் செய்து கத்தினேன், "உங்கப்பா கில்லாடி!" என்று. அவர் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார், நோயாளி பயந்துவிட்டாராம். அவ்வளவு சந்தோஷப்பட்டவள்தான் மறு வாரம் தேறவில்லை என்று எழுதினேன். எழுதும்போது கை கனத்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

கிடங்கில் நன்றாகத்தான் இருக்கிறேன். லேபிள் எல்லாம் நேராக ஒட்டுகிறேன். உங்களுக்குப் பிடித்திருக்கும்.

மருமகள்

ஏப்ரல் 11

மருமகளுக்கு,

செத்துவிட்டது.

கட்டையை வெளியே எடுத்ததும் தெரிந்தது, சாம்பல் நிறம். சோதனைக் கருவியில் வைக்கும் முன்பே எனக்குத் தெரியும். குளிர்ந்த புகையில் பாதி வேலைகூடச் செய்யவில்லை. சூட்டில் அதைவிட மோசம், கட்டியான செம்பு அம்மோனியாவையே எரித்து அதிலிருந்து புதிதாக நச்சைக் கிளப்புகிறது. புகையைச் சுத்தம் பண்ண வைத்த சாமான் புகையைக் கூட்டுகிறது. இரண்டாவது முறையும் ஓட்டினேன். அதேதான்.

வீட்டுக்கு வந்து உன் அத்தையிடம் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. ஆபரேஷன் ஆன கண்ணால் என்னை நன்றாகப் பார்த்தாள். "ரொம்ப நாள் கழிச்சு உங்க முகம் தெளிவாத் தெரியுது, இப்படியா தெரியணும்" என்றாள்.

மறுநாள் ஆலை இயக்குநரிடம் போனேன். உலை விஷயத்தையும் கலவை விஷயத்தையும் சொன்னேன். பதறுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

"பஸ் கம்பெனி புதுக் கட்டையத்தான் சோதிக்கும். புதுக் கட்டை பிரமாதம். வயசான கட்டைக்கு நம்ம வார்த்தைதான், நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்."

"ரெண்டு வருஷத்துல எல்லாம் படுத்துரும் சார்."

"ரெண்டு வருஷம் கழிச்சு நீங்க எங்க இருப்பீங்க? ஜூன்ல போயிருவீங்க. அப்ப யாரு உங்களக் கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. பேனாவை அவர் பக்கமே தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஆயுசில் முதல் தடவையாகக் கதவைப் படார் என்று சாத்தினேன். அந்தச் சத்தம் நன்றாக இருந்தது.

நான் போடாவிட்டால் வேறொருவனைப் போட வைப்பார்கள். அதனால் உன் முடிவையும் என் முடிவையும் சேர்த்துப் பஸ் கம்பெனியின் எஞ்சினியருக்கு அனுப்பிவிட்டேன். நேராக வந்த கோட்டையும் அனுப்பினேன், அது ஏன் நேராக வந்தது என்பதையும் எழுதினேன். உன் பெயரை மேலே போட்டேன், என் பெயர் கீழே. உன்னைக் கேட்காமல் செய்தேன். உன் வேலைக்கு ஏதாவது ஆனால் என்னைத் திட்டு, உன் அத்தைக்கு இப்போது கண் தெரிகிறது, நான் வாசிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

என்னை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். கூட்டத்தில் பேசியதை வாபஸ் வாங்குகிறேன். உனக்கு உலை பார்க்கத் தெரியும். எனக்கு முன்பே உனக்குத் தெரிந்திருக்கிறது.

மாமா

ஏப்ரல் 25

மாமாவுக்கு,

பெயரைப் போட்டதற்குத் திட்டவில்லை. கீழே போட்டுக்கொண்டதற்குத்தான் திட்ட நினைத்தேன், அத்தை தடுத்துவிட்டார்.

பஸ் கம்பெனி எஞ்சினியர் நேற்று இங்கே வந்தார். குள்ளமான அம்மா, பையை மேஜையில் வைத்தபடியே கேட்டார்: "தண்ணிய நிறுத்தாத உலை எது? அத ஓட்டுறவங்க எங்க?" தலைவர் என்னைக் கிடங்கிலிருந்து கூட்டிவர ஆள் அனுப்பினார். கையில் பசையோடு போய் நின்றேன். அந்த அம்மா பசைக் கையையே பிடித்துக் குலுக்கினார். ஆர்டரை நிறுத்திவைத்திருக்கிறார்கள். இந்த உலையில், நான் ஓட்டி, தேறிய கட்டைதான் பஸ்ஸில் ஏறும் என்று சொல்லிவிட்டார். சாவி திரும்ப வந்துவிட்டது. கொடுக்கும்போது தலைவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நான் அவர் முகத்தை நன்றாகவே பார்த்தேன்.

உங்களுக்கு இந்நேரம் ஆலையிலிருந்து போன் வந்திருக்கும். உடனே ஓடாதீர்கள், கொஞ்சம் கெஞ்சவிடுங்கள். அப்புறம் போய் வேறு கலவை செய்யுங்கள். செம்பைக் குறையுங்கள். அலுமினியம் குறைவான பொடியாக எடுங்கள், ஆவிக்குப் பிடுங்க அங்கே அதிகம் இருக்காது. குளிர்ந்த புகையில் கொஞ்சம் சுணங்கும். அதை எப்படி மீட்பது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.

சலுகை கிடையாது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மருமகள்

மே 19

மருமகளுக்கு,

இரண்டு நாள் கெஞ்சவிட்டேன். மூன்றாம் நாள் இயக்குநரே வீட்டுக்கு வந்தார், உன் அத்தை அவரை வாசலில் நிற்க வைத்தே பேசினாள்.

கட்டைகளை இன்று வண்டியில் ஏற்றியிருக்கிறேன். செம்பு பாதிக்கு மேல் குறைத்தாயிற்று. பொடியும் நீ சொன்ன மாதிரி. பூச்சை மெல்லிதாக இரண்டு தடவை போட்டிருக்கிறேன், குளிர்ந்த புகையில் இழந்ததில் கொஞ்சத்தை அதில் பிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். இங்கே எங்கள் உலையில் எல்லையை ஒட்டித் தேறுகிறது. கோடு பயங்கரமாக ஆடுகிறது, ஆபரேட்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஆலை முழுக்க உன் பதிலுக்குக் காத்திருக்கிறது. என் ஓய்வுக்கு முன் தேறிவிட வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. எனக்கும் ஆசைதான், மறைக்க என்ன இருக்கிறது.

மாமா

ஜூன் 2

மாமாவுக்கு,

தேறவில்லை.

முதல் கட்டையை எடுத்தபோது நிறம் நன்றாக இருந்தது, கூண்டுகள் நிற்கின்றன. சூட்டில் அருமையாக வேலை செய்கிறது. குளிர்ந்த புகையில் மட்டும் எல்லைக்கு ஒரு நூல் கீழே நிற்கிறது. மூன்று கட்டையையும் ஓட்டினேன், மூன்றும் அதே இடம். தலைவர் வந்து பார்த்தார். "இவ்வளவுதானே, ஏத்திப் போட்டுரலாமே, உங்க மாமனார் சந்தோஷமா ஓய்வு பெறட்டும்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். உங்கள் மகன்கூட, வாழ்க்கையில் முதல் தடவையாக வாயைத் திறந்து, "ஒரு நூல்தானே" என்றார். அவரோடு நேற்று முழுக்க நான் பேசவே இல்லை.

ஏற்றிப் போடவில்லை. எனக்கு அழுகையாக வந்தது, ஆனாலும் போடவில்லை. அறிக்கையின் ஒரு பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். உங்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

மருமகள்

ஜூன் 6

மருமகளுக்கு,

அறிக்கையைப் படித்தேன். சரியாக இருக்கிறது. உன் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தையும் போட்டு, பஸ் கம்பெனிக்கு நானே அனுப்பிவிட்டேன்.

என் மகனோடு பேசு, பாவம், அவனுக்குப் பல்லைத் தவிர ஒன்றும் தெரியாது.

இந்த மாதம் ஓய்வு பெறவில்லை என்று ஆலையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். இயக்குநர் வாயைத் திறப்பதற்குள் வெளியே வந்துவிட்டேன். அந்த ஒரு நூல் என் கலவையில் எங்கே தொலைகிறது என்று எனக்குத் தெரியும். நேற்றே கலக்க ஆரம்பித்தாயிற்று, அடுத்த கட்டைகள் திங்கட்கிழமை உன்னிடம் வரும்.

தண்ணீரைத் திறந்து வை.

மாமா